கோல் விழுந்தால் பழி யாருக்கு?

(கிள்ளானில் தோட்டத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், போனஸ், வீட்டுரிமை என்று பேசிப் பழகிய மேடையில் இன்று காற்பந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சங்கத்துக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். நம் தோட்டங்களில் கோயில் இருந்தது, தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது, அதற்குப் பக்கத்தில் ஒரு திடலும் இருந்தது. காலையில் பால் வெட்டி, மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்து, மாலை ஐந்து மணிக்கு அந்தத் திடலில் இறங்கியவர்கள் நம் அப்பன்மார்களும் அண்ணன்மார்களும்தாம். ஆகவே காற்பந்து நம் வீட்டு விஷயம். வீட்டு விஷயத்தை வெளிப்படையாகப் பேசலாம்.

நாம் பேச எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று. நம் தேசிய அணி கோல்மேல் கோல் வாங்கித் தோற்கும்போது பழி யாருக்கு? பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையில் இதைக் கேளுங்கள். நான்கு பேரிடமிருந்து ஐந்து பதில் வரும். கிள்ளான் ரயிலில் கேளுங்கள். இறங்க வேண்டிய நிலையம் தாண்டிய பிறகும் விவாதம் முடியாது. ஒருவர் கோல்காப்பாளர் என்பார். ஒருவர் பின்னணி ஆட்டக்காரர் என்பார். மற்றொருவர் பயிற்றுநரைத் துரத்து என்பார். இன்னொருவர் மலேசியக் காற்பந்துச் சங்கத்தையே கலைத்துவிடு என்பார். இந்தப் பதில்களில் எது சரி, எது எவ்வளவு சரி என்று நிதானமாக நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2015-ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று தொடங்கியது. ஜூன் மாதம் புக்கிட் ஜாலில் அரங்கில் கிழக்குத் திமோருடன் ஆடிய ஆட்டம் 1–1. அடுத்த சில நாட்களில் அதே அரங்கில் பாலஸ்தீனத்துடன் ஆடினோம், 0–6. செப்டம்பர் 3-ஆம் தேதி அபுதாபியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளுடன் ஆடினோம், 0–10. மூன்று ஆட்டங்களில் திடலில் நாம் வாங்கிய கோல் 17, போட்டது 1. பயிற்றுநர் டோல்லா சாலே பதவி விலகினார். அதன்பின் நாடு முழுவதும் ஒரே கூச்சல்: தற்காப்பு ஓட்டை! தற்காப்பு ஓட்டை!

ஓட்டை உண்மை. பத்துக் கோல் வாங்கிய அணியின் தற்காப்பு நன்றாக இருந்தது என்று இந்த உலகில் எவரும் வாதாட முடியாது. அந்த ஓட்டையைப் போட்டது யார் என்பதுதான் கேள்வி.

தோழர்களே, இதற்கு விடை காண நீங்கள் தூரம் போகவேண்டியதில்லை. தோட்டத்தில் பால் குறைந்த நாளை நினைத்துப் பாருங்கள். முதலில் யாரைக் கூப்பிடுவார்கள்? வெட்டியவரைக் கூப்பிடுவார்கள். மழை பெய்திருக்கலாம். மரம் கிழடாகியிருக்கலாம். பட்டை இதற்கு முன்பே ஆழமாக வெட்டப்பட்டு முடிச்சு விழுந்திருக்கலாம். உரம் போட வேண்டிய ஆண்டில் உரம் போடாமல் மிச்சம் பிடித்திருக்கலாம். இவற்றையெல்லாம் தீர்மானித்தவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் கத்தி யார் கையில் இருக்கிறதோ, மரத்தடியில் கடைசியாக யார் நின்றாரோ, அவருக்கே ஏச்சு. ஏனென்றால் அவர்தான் கண்ணுக்குத் தெரிகிறார்.

பந்து விளையாட்டிலும் கண்ணுக்குத் தெரிகிறவன் கடைசியாக நிற்கிறவனே. கோல் விழும் அந்த ஒரு நொடியில் தொலைக்காட்சி யாரைக் காட்டுகிறது? தரையில் கிடக்கும் கோல்காப்பாளரைக் காட்டுகிறது. தலையில் கை வைத்து நிற்கும் பின்னணி ஆட்டக்காரரைக் காட்டுகிறது. அந்தப் படம் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. அரை நிமிடத்துக்கு முன் நடுத்திடலில் பந்தைப் பறிகொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த முன்னணி வீரரை எவரும் காட்டுவதில்லை.

இப்படிக் கடைசி ஆளின் தலையில் பழியைக் கட்டுவதன் பலன் என்ன? உலகத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லுகிறோம்.

1950-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி, ரியோ நகரின் மரக்கானா அரங்கில் பிரேசில் 1–2 என்று உருகுவேயிடம் தோற்று உலகக் கிண்ணத்தை இழந்தது. கோல்காப்பாளர் பார்போசா மீது பழி விழுந்தது. அவர் கறுப்பர். இரண்டாவது கோல் அவருடைய பக்கத்துக் கம்பத்துக்கும் அவருக்கும் நடுவே புகுந்தது. அந்த ஒரு பந்துக்காக அவர் 2000-ஆம் ஆண்டில் கண்மூடும் வரை அரை நூற்றாண்டு காலம் குற்றவாளியைப் போலப் பார்க்கப்பட்டார். அன்று அவருக்கு முன்னால் ஆடிய பத்துப் பேரின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

இரண்டாவது சம்பவம் இன்னும் கொடியது. 1994-ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் கொலம்பியாவின் பின்னணி ஆட்டக்காரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் எதிரி அடித்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார். பந்து தம் அணியின் கோலுக்குள்ளேயே போயிற்று. ஊர் திரும்பிய அவரை ஜூலை 2-ஆம் தேதி மெடெலின் நகரில் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 27. தடுக்கப் போன கால் அது, தோழர்களே! தடுக்கப் போகாமல் சும்மா நின்றிருந்தால் எவரும் அவரைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். பழி சுமத்துகிற பழக்கம் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பக்கத்தையும் பார்ப்போம். 2009 டிசம்பரில் லாவோஸ் நாட்டில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நாம் வியட்நாமை 1–0 என்று வென்றோம். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது. அந்த ஒரே கோல் வியட்நாம் ஆட்டக்காரர் ஒருவர் தம் கோலுக்குள்ளேயே தட்டிவிட்ட பந்து. நாம் ஆனந்தக் கூத்தாடினோம். நியாயமான ஆனந்தந்தான். ஆனால் அதே இரவில் ஹனோயிலும் சைகோனிலும் தேநீர்க் கடைகளில் என்ன கேள்வி கேட்டிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா?

இங்கே கிள்ளான் வட்டாரத்திலும் இதன் சிறிய வடிவத்தை நாம் பார்த்ததுண்டு. தோட்டங்களுக்கிடையே நடந்த ஒரு போட்டியில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பின்னணியில் ஆடினான். கடைசி நிமிடத்தில் அவன் காலில் பட்டுப் பந்து உள்ளே போயிற்று. பெரியவர்கள் அவனை நடுத்திடலில் நிறுத்தி ஏசினார்கள். அடுத்த வாரம் பையன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நெட்டையான பையன், தலையால் முட்டுவதில் கெட்டிக்காரன். அந்த வட்டாரத்துக்கு இருந்த ஒரே நல்ல நடுப்பின்னணி ஆட்டக்காரன் அவன். ஒரு கோலுக்காக ஓர் ஆட்டக்காரனை இழந்தார்கள். எது பெரிய நஷ்டம்?

இனி ஒரு கோல் எப்படி விழுகிறது என்று பின்னோக்கி நடந்து பார்ப்போம். வலையில் பந்து கிடக்கிறது. அதற்கு முன் கோல்காப்பாளர் தாண்டப்பட்டார். அதற்கு முன் நடுப்பின்னணியில் இருவருக்கிடையே இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி ஏன் வந்தது? வலப்பக்கப் பின்னணி ஆட்டக்காரர் முன்னே ஏறிப் போயிருந்தார்; அவர் விட்டுப்போன இடத்தை மூட நடுப்பின்னணியில் ஒருவர் ஓட வேண்டியதாயிற்று. அந்த இடத்தை நடுத்திடல்காரர் அல்லவா மூட வேண்டும்? அவர் ஏன் வரவில்லை? அவரும் முன்னே போயிருந்தார். பந்தைப் பறிகொடுத்த முன்னணி வீரர் எதிரியை ஐந்து நொடி தடுத்து நிறுத்தியிருந்தால் எல்லாரும் திரும்பி வந்திருப்பார்கள். அவர் நிறுத்தவில்லை. ஏன்? எழுபதாவது நிமிடம், காலில் பலம் இல்லை. பலம் ஏன் இல்லை? பயிற்சி போதவில்லை. பார்த்தீர்களா? வலையில் தொடங்கினோம், பயிற்சித் திடலுக்கு வந்துவிட்டோம். இன்னும் நடந்தால் சங்க அலுவலகத்தின் வாசலுக்கே போய்விடுவோம்.

தற்காப்பு என்பது நான்கு பேர் வேலை என்று நினைப்பது தவறு. பதினொருவரும் தற்காப்பவர்களே. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே தூரம் குறைவாக இருந்தால் எதிரிக்கு இடம் இல்லை. தூரம் கூடினால் நடுவே லாரி ஓட்டலாம். பின்வரிசை நால்வரும் ஒரே நிரையாக ஏறி இறங்க வேண்டும். ஒருவர் மட்டும் பின்தங்கினால் ஆப்சைட் கோடு உடைந்துபோகும். கோல்காப்பாளர் கையால் மட்டுமின்றி வாயாலும் ஆட வேண்டும். "இடது பக்கம் பார்", "ஏறு", "விடு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 2004-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற கிரீஸ் நாட்டைப் பாருங்கள். பேர் பெற்ற ஆட்டக்காரர்கள் குறைவு. ஆனால் கடைசி மூன்று ஆட்டங்களில் பிரான்சையும் செக் நாட்டையும் போர்ச்சுகலையும் ஒவ்வொன்றாக 1–0 என்று வென்றார்கள். மூன்று ஆட்டத்திலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஒற்றுமையாக நின்ற பதினொருவருக்குக் கிடைத்த பரிசு அது. சங்கத்தில் இருக்கும் நமக்கு இந்தப் பாடத்தைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பயிற்றுநர்தான் குற்றவாளியா? இங்கே நம்மவர் ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். 2009 ஜனவரியில் நம் அணி ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0–5 என்று தோற்றது. அப்போது பயிற்றுநர் பி. சத்தியநாதன். அவர் பதவியிழந்தார். அந்த ஆண்டே பொறுப்பு கே. ராஜகோபாலிடம் வந்தது. சிலாங்கூருக்கு ஆடிப் பெயர் வாங்கிய முன்னாள் ஆட்டக்காரர் அவர். மேலே சொன்ன சீ விளையாட்டுத் தங்கம் அவர் காலத்தில் வந்ததே.

மறு ஆண்டு, 2010 டிசம்பர் 1-ஆம் தேதி, தென்கிழக்காசியக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஜக்கார்த்தாவில் நாம் இந்தோனேசியாவிடம் 1–5 என்று தோற்றோம். தற்காப்பு சல்லடை என்றார்கள். பயிற்றுநரை மாற்று என்று குரல் எழுந்தால் அன்று எவரும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். மாற்றவில்லை. அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். தாய்லாந்துடன் 0–0. லாவோசுடன் 5–1. அரையிறுதியில் வியட்நாமுடன் இங்கே 2–0, ஹனோயில் 0–0. இறுதியில் அதே இந்தோனேசியாவுடன் புக்கிட் ஜாலிலில் 3–0, ஜக்கார்த்தாவில் 1–2. மொத்தத்தில் 4–2 என்று கிண்ணம் நம் கைக்கு வந்தது. முதல் நாளில் ஐந்து கோல் வாங்கிய அணி அடுத்த ஆறு ஆட்டங்களில் மூன்றே கோல்தான் வாங்கியது. நாடும் அதே, பயிற்றுநரும் அதே, ஆட்டக்காரர் கூட்டமும் அதே. நான்கு வாரத்தில் மாறியது என்ன? ஒழுங்கு மாறியது. தோல்வியிலிருந்து பாடம் படிக்க அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. கோல் விழுந்த மறுநாளே ஆளை மாற்றியிருந்தால் அந்தக் கிண்ணம் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

பயிற்றுநருக்குப் பொறுப்பே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. யாரை எந்த இடத்தில் நிறுத்துவது, எப்போது ஏறுவது, எப்போது பின்வாங்குவது என்று தீர்மானிப்பவர் அவர். ஐந்து கோல் விழுந்த பிறகும் வழி மாற்றாத பயிற்றுநர் கேள்விக்கு உட்பட்டவரே. ஆனால் கையில் இருக்கும் ஆட்டக்காரர்களை வைத்துத்தான் அவர் ஆட முடியும். அந்த ஆட்டக்காரர்களை வளர்க்க வேண்டியவர் யார்?

இங்கேதான் நாம் முக்கிய இடத்துக்கு வருகிறோம். 1970-களில் ஆசியாவே மதித்த தற்காப்பு நம்மிடம் இருந்தது. எம். சந்திரன் பின்னணியில் நின்றார். 1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற அணியில் அவர் இருந்தார். சோ சின் அவுனும் சந்தோக் சிங்கும் நடுப்பின்னணியில் சுவர்போல் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் சிலாங்கூர் கோல்காப்பாளர் ஆர். ஆறுமுகம், கை நீளத்தால் "ஸ்பைடர்மேன்" என்று பெயர் வாங்கியவர். 1980 ஏப்ரல் 6-ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணி அது. அரசியல் காரணத்தால் மாஸ்கோவுக்குப் போகாமல் விட்டது வேறு கதை. 1988-ஆம் ஆண்டு கார் விபத்தில் ஆறுமுகம் மறைந்தபோது கிள்ளானும் பிரிக்பீல்ட்சும் கலங்கியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். ஒரு தமிழர், ஒரு சீனர், ஒரு சீக்கியர், மலாய்த் தோழர்கள்: இந்தத் தற்காப்பில் நம் நாடே நின்றது.

இன்னொன்றும் சொல்லிவைப்போம். இதே பொற்காலத்தில், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில், அமெரிக்காவை 3–0 என்று வென்ற நம் அணி மொரோக்கோவிடம் 0–6 என்று தோற்றது. சந்திரனும் சோ சின் அவுனும் இருந்த அணிதான். ஆறு கோல் வாங்கிய ஒரு நாளை வைத்து அவர்களைத் தூக்கி எறிந்திருந்தால் 1974-உம் இல்லை, 1980-உம் இல்லை.

பிறகு என்ன நடந்தது? 1994-ஆம் ஆண்டில் சூதாட்ட ஊழல் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் தண்டனை பெற்றார்கள். சிலருக்கு வாழ்நாள் தடை. ஒரு தலைமுறையே வெட்டுண்டது. அதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. அன்று முதல், பின்னணி ஆட்டக்காரர் கால் வழுக்கி விழுந்தாலும் "விலைக்கு வாங்கிவிட்டார்களோ?" என்று ரசிகர்கள் கேட்கத் தொடங்கினார்கள். பத்து யோக்கியர்கள் சில அயோக்கியர்களுக்காகச் சந்தேகத்தைச் சுமந்தார்கள்.

அடுத்தது குழுக்களின் கொள்கை. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடங்களைப் பெரும்பாலும் எங்கே செலவழிக்கிறார்கள்? கோல் போடும் முன்னணிக்கும், கோலைக் காக்கும் நடுப்பின்னணிக்கும். வாரந்தோறும் நெருக்கடியில் நின்று பழக வேண்டிய அந்த இடத்தில் நம் பையன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறான். பிறகு தேசிய அணிக்கு வந்தால் அவனைப் பார்த்து, "உனக்கு நிற்கத் தெரியவில்லையே" என்கிறோம். நிற்க விட்டது யார்? எஸ். குணாளனைப் பாருங்கள். பக்கவாட்டில் பறந்து தாக்கும் ஆட்டக்காரராக வந்தவர்; பின்பு வலப்பக்கப் பின்னணிக்கு மாறி அதில் நிலைத்தார். தற்காப்பும் கற்றுக்கொள்ளக்கூடிய கலைதான். கற்றுக்கொடுத்து, வாய்ப்பும் கொடுக்க வேண்டும்.

குறுக்கு வழியில் போனால் என்னாகும் என்பதையும் அண்மையில் பார்த்தோம். 2025 ஜூன் 10-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4–0 என்று வென்றோம். ஒரு கோலும் வாங்கவில்லை. ஊரே பாராட்டியது. செப்டம்பரில் ஃபிஃபாவின் ஒழுங்குக் குழு ஏழு ஆட்டக்காரர்களின் பூர்வீகப் பத்திரங்கள் பொய்யானவை என்று தீர்ப்பளித்தது. எழுவருக்கும் 12 மாதத் தடை; மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். நவம்பரில் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் அதை உறுதி செய்தது. அந்த எழுவரில் தற்காப்பு ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். பாலில் தண்ணீர் கலந்தால் வாளி நிறையும், தராசும் ஏறும். காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று சோதித்த அன்று குட்டு வெளிப்படும். நம்மில் எவருக்கும் இது தெரியாததல்ல.

ரப்பர்க் கன்று நட்டு ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் கத்தி வைக்கிறோம். நல்ல பின்னணி ஆட்டக்காரன் உருவாக அதைவிட அதிக நாளாகும். பத்து வயதில் திடல் வேண்டும். பன்னிரண்டு வயதில் முறையான பயிற்றுநர் வேண்டும். பதினெட்டில் வாரந்தோறும் ஆட்டம் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்தத் திடல் எங்கே?

தோழர்களே, ஒரு விஷயத்தைச் சொன்னால் உங்களுக்கு வலிக்கும். பாலஸ்தீனத்திடம் ஆறு கோல் வாங்கிய புக்கிட் ஜாலில் அரங்கம் எங்கே நிற்கிறது? புக்கிட் ஜாலில் தோட்டமாக இருந்த மண்ணில் நிற்கிறது. 1994-இல் திறக்கப்பட்டு, 2024-இல் இடிக்கத் தொடங்கப்பட்ட ஷா ஆலாம் அரங்கம் எங்கே நின்றது? அந்த நகரமே சுங்கை ரெங்கம் தோட்டத்தின்மேல் எழுந்தது. நம்மவர்கள் நிரை பிடித்து வெட்டிய இடத்தில் மாபெரும் அரங்கங்கள் வந்தன. வரட்டும், நாட்டுக்குப் பெருமைதான். ஆனால் தோட்டத்தோடு தோட்டத் திடலும் போயிற்று. தோட்டம் துண்டாடப்பட்டபோது, வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, மலிவு அடுக்குமாடிக்கு மாறிவந்த நம் குடும்பங்களுக்குத் திடல் கிடைத்ததா? கார் நிறுத்துமிடத்தில் பந்து உதைத்துப் பழகும் பையன் ஒருவரை ஏமாற்றித் தாண்டக் கற்றுக்கொள்வான். நால்வராக நிரை கட்டி நிற்கக் கற்றுக்கொள்ள அங்கே இடம் கிடையாது. எண்பதாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்க இடம் கட்டினார்கள். இருபத்திரண்டு பேர் ஆட இருந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். தற்காப்பின் ஓட்டை அங்கேயும் தொடங்குகிறது.

கடைசியாக ரசிகர்கள். பத்துக் கோல் தோல்விக்கு ஐந்து நாள் கழித்து, 2015 செப்டம்பர் 8-ஆம் தேதி, ஷா ஆலாம் அரங்கில் சவூதி அரேபியாவுடன் ஆட்டம். நம் அணி மானத்தோடு ஆடியது. முதல் கோலும் நம்முடையதே. பிறகு சவூதி 2–1 என்று முந்தியது. காற்பந்துச் சங்கத்தின் மீது கோபம் கொண்ட ஒரு கூட்டம் தீப்பந்தங்களையும் பட்டாசுகளையும் திடலுக்குள் எறிந்தது. கடைசி நிமிடங்களில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஃபிஃபா ஆட்டத்தைச் சவூதிக்கு 3–0 என்று கொடுத்தது. கோபம் நியாயமானதாக இருக்கலாம். யாருக்கு எதிராக எறிந்தார்கள்? நிர்வாகிகளுக்கு எதிராக. யார் தலைக்கு வந்தது? அன்று ஓடிக் களைத்த ஆட்டக்காரர் தலைக்கு. வேலைநிறுத்தமானாலும் மறியலானாலும் அடி யார்மேல் விழும் என்று முதலில் கணக்குப் பார்ப்பது சங்கத்தின் பழக்கம். அந்தப் பழக்கம் அரங்கத்திலும் வேண்டும்.

இப்போது தீர்ப்புக்கு வருவோம். யாருக்கு எவ்வளவு அதிகாரமோ அவருக்கு அவ்வளவு பொறுப்பு: இதுவே நமது அளவுகோல். பின்னணி ஆட்டக்காரருக்குத் தம் காலடியில் உள்ள இடத்தின்மேல் அதிகாரம் உண்டு; ஆகவே கவனம், உடற்பலம், ஒழுக்கம் மூன்றுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். இரவில் கண்விழித்துவிட்டு வந்து ஆட்டத்தில் தூங்குகிறவனுக்கு நாம் வக்காலத்து வாங்க மாட்டோம். பயிற்றுநருக்குத் தொண்ணூறு நிமிடத்தின்மேல் அதிகாரம். அந்த அளவுக்கு அவர் பதில் சொல்லட்டும். குழுக்களுக்கு ஒரு பருவத்தின்மேல் அதிகாரம். காற்பந்துச் சங்கத்துக்கோ பல பத்தாண்டுகளின்மேல் அதிகாரம்: இளையோர் போட்டி, பயிற்றுநர் கல்வி, பணம், சட்டம், திடலுக்காக அரசாங்கத்திடம் வாதாடும் குரல், எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆகவே பெரிய பங்கு அங்கேதான் போய்ச் சேர வேண்டும். இன்று நடப்பது தலைகீழ். அதிகாரம் மேலே இருக்கிறது. பழி மட்டும் கீழே இறங்கி வருகிறது. பயிற்றுநர் போகிறார், ஆட்டக்காரர் போகிறார், நாற்காலி அப்படியே இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, நம் கிளைகள் இருக்கும் ஒவ்வொரு வட்டாரத்திலும் திடல் எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று கிராணித் தோழர்கள் ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். பத்திரம் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். கையை விட்டுப் போகும் முன்பே நகராண்மைக்கு மனுப் போட வேண்டும். இரண்டாவது, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை பயிற்சி கொடுக்க, முன்பு ஆடிய நம் அண்ணன்மார்கள் முன்வர வேண்டும். எல்லாரும் கோல் போட ஆசைப்படுவார்கள்; நிற்கவும் மறிக்கவும் நேரம் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். கோலைத் தடுத்த பையனுக்கும் ஒரு பரிசு வையுங்கள். பெண்பிள்ளைகளையும் திடலுக்குக் கூட்டி வாருங்கள். மூன்றாவது, கோல் விழுந்தால் பையனை நடுத்திடலில் நிறுத்தி ஏசுகிற பழக்கம் நம் திடல்களில் இருக்கக்கூடாது. குறையைச் சொல்லுங்கள், ஆட்டம் முடிந்து, தண்ணீர் குடித்து, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்த பிறகு, பதினொருவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கிண்ணம் நடந்தது. நம் அணி ஜோர்டானிடம் 0–4 என்று தோற்றது. பஹ்ரேனிடம் கூடுதல் நிமிடத்தில் விழுந்த கோலால் 0–1 என்று தோற்றது. வெளியேறுவது உறுதியான பிறகும் தென்கொரியாவோடு மோதி, கடைசி மூச்சில் கோல் போட்டு 3–3 என்று சமன் செய்தது. எட்டுக் கோல் வாங்கிய அணிதான். ஆனாலும் அந்தக் கடைசி இரவில் அவர்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர் எவரும் இந்த நாட்டில் ஆட்டக்காரருக்குப் பஞ்சம் என்று சொல்லமாட்டார். ஆள் இருக்கிறது. ஆளை வளர்க்கிற ஏற்பாடு இல்லை. அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்குகிற பலம் ஒன்றுபட்டு நிற்கிறவர்களுக்கே உண்டு.

அடுத்த ஞாயிறு மாலை திடலில் சந்திப்போம். பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.